பாட்டிலில் நான் நிறுத்திய குமிழி

உன் சாவுச் செய்தி பஞ்சரான ஜீப் ஒன்றில் ஏறி என் கடைக்கு வந்தது.

வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஜீப். பின்பக்கச் சக்கரம். நான் டியூபை உருவிக் காற்றடித்து, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் பக்கத்தில் குந்தியபடி, மலையில் ஒரு எழவு, கீழிருந்து ஆட்களை ஏற்றிப்போய் விட்டுவிட்டு வருகிறேன் என்றான். யாருக்கு என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அதான் பெரீப்பா, மின்ன கள்ளக்குறிச்சியில நர்ஸா இருந்துட்டு மேல வந்துச்சே ஒரு அக்கா. புள்ளத்தாச்சிங்களுக்கு எல்லாம் அதுதான் கூட நிக்கும். மஞ்சக்காமாலையாம். பத்து நாளு கூட கெடக்கல."

என் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன. ஓட்டையிலிருந்து குமிழி சரம் சரமாக மேலே வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அடையாளம் போட வேண்டும். நான் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா பெரீப்பா, ஓட்டையக் கண்டுபுடிச்சிட்டு அதுக்குப் பூச பண்ணிக்கினு இருக்கீங்க" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பட்டை ஒட்டி, சக்கரத்தை மாட்டி அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதுகிறார். செத்துப்போனவளுக்கு எதற்குக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை. எந்த வருஷம் நடந்தது என்று மட்டும் கேட்டார். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. கடலூரில் வீடுகளும் சென்னையில் மாடிகளும் தண்ணீரில் நின்ற கார்த்திகை அது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வயலிலேயே சாய்ந்து கிடந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தனி ஜில்லா ஆகவில்லை. என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தாள். அதற்கு மேல் அடையாளம் வேண்டுமென்றால், உன் வெள்ளை உடுப்பில் என் மகள் சேற்றை வாரி எறிந்த வருஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்தச் சேறு என் மேல் விழ வேண்டியது. அதை உன்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். வேறு யாரிடமும் இன்றைய தேதி வரைக்கும் சொல்லவில்லை.

மகள் பிரசவத்துக்குத் தை மாதம்தான் நாள் குறித்திருந்தார்கள். வளையல் போட்டு அழைத்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கார்த்திகையிலேயே வலி கண்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். அதனால்தான் டவுனில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அதன் பேர் இங்கே வேண்டாம். இப்போது அந்தக் கட்டடத்தில் கட்டில் பீரோ விற்கிறார்கள். பிறந்தது பெண். இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் அதற்குள் படுத்துக்கொள்ளும் அளவு. அழவில்லை. நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். நீ அதன் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஒரு சின்ன மூடியை வைத்து, ரப்பர் பையை இரண்டே விரலால் அமுக்கினாய். அமுக்கினாய், விட்டாய், வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே மறுபடி அமுக்கினாய். வெறும் இரண்டு விரலால் என்ன காற்று போய்விடும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. நானாக இருந்தால் முழுக்கையால் அமுக்கியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அது பூனைக்குட்டி மாதிரி முனகியது. என் வீட்டுக்காரி அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

சம்பந்தியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டப் புள்ளதான, எதுக்கு இம்மாம் ஓட்டம்" என்று சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரையும்விடச் சத்தமாக மாரடித்தவள் அவள்தான்.

குழந்தை மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். மெஷின் ஒன்றுதான் இருக்கிறது, அதில் நைனார்பாளையத்துக்காரர் வீட்டுக் குழந்தை இருக்கிறது, ரோடு திறக்கிற வரைக்கும் இதைப் பாட்டிலில் வைத்துப் பார்க்கலாம், இதற்கு அதுவே போதும் என்றார். போதும் என்ற சொல் என் காதில் விழவில்லை. மெஷின் அவர்களுக்கு, பாட்டில் எங்களுக்கு என்பதுதான் விழுந்தது. நைனார்பாளையத்துக்காரர்கள் நிலபுலன் உள்ளவர்கள். காரில் வந்திருந்தார்கள். நான் கிரீஸ் வேட்டியோடு நின்றேன். வேறு எப்படி விழும்?

நீ எல்லாவற்றையும் பூட்டினாய். உருளையிலிருந்து வருகிற காற்றுக் குழாய். அதிலிருந்து மூக்குக்கு இரண்டு சின்ன முனை. அங்கிருந்து இன்னொரு குழாய் வெளியே வந்து, தண்ணீர் இருந்த கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறங்கியது. அந்தக் குழாயில் ஓர் இடத்தில் வெள்ளை டேப் சுற்றியிருந்தாய். பாட்டிலில் பொளபொளவென்று குமிழி வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக நான் பார்க்கிற அதே குமிழி.

உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நினைவிருக்கும். "இன்னா சிஸ்டர், அவுங்களுக்கு மெஷினு, எங்களுக்கு மட்டும் சோடா பாட்டிலா" என்றேன். நீ கோபப்படவில்லை. உனக்கு அப்போது இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். என்னைத் தாத்தா என்றாய், குழந்தைக்குத் தாத்தா என்பதால்.

"மெஷினுன்னா பெருசுன்னு நெனைக்காதீங்க தாத்தா. அதுல வெக்கணும்னா தொண்டைக்குள்ள கொழா வுடணும். மூச்ச மெஷினே தள்ளும், கொழந்த சும்மா கெடக்கும். சளி புடிச்சா அதுவே வெனையாப் போவும். இதுல அப்பிடி இல்ல. உங்க பேத்தி தானாவே மூச்சு வுடுது. வுட்ட காத்து மொத்தமும் வெளிய போயிடாம, கொஞ்சத்த இது உள்ள நிறுத்தி வெக்குது, அவ்ளோதான்."

எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். மாசம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு, மூச்சை விட்டதும் நெஞ்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, பிரித்துத் திறக்க அதற்குத் தெம்பு இல்லை என்றாய். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. காற்றிறங்கிய டியூபும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பவுடர் போட்டு வைப்போம் என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். அதே மாதிரி ஒரு மருந்தே இருக்கிறது, பாண்டிச்சேரியில் போடுவார்கள், இங்கே இல்லை என்றாய். நான் கெட்டிக்காரன் என்றாய். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு போய் நான் செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஒரு ராத்திரி, ஒரு காலைப் பொழுது குழந்தை பாட்டிலிலேயே தேறி வந்தது. முனகல் குறைந்தது. நெஞ்சுக் குழி விழுவது குறைந்தது. டாக்டர் வந்து தலையாட்டிவிட்டுப் போனார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இன்னொரு நர்ஸ் தண்ணீரில் மாட்டிக்கொண்டு வேலைக்கு வரவில்லை. இரண்டு அறையையும் நீ ஒருத்தியாகப் பார்த்தாய். என் வீட்டுக்காரி மகள் கட்டிலண்டை இருந்தாள். மருமகன் எங்கேயோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மத்தியானம் உனக்கு ஓர் ஆள் துணை வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டாய்.

என் கையை நீயே கழுவிவிட்டாய். நகத்தை பிரஷ்ஷால் தேய்த்தாய். கறுப்பு போகவில்லை. "இன்னா தாத்தா, இந்தக் கையி வெளுக்கவே வெளுக்காதா" என்றாய். "வெளுத்தா எவன் என் கடைக்கு வருவான்" என்றேன். பச்சைத் துணி ஒன்றை மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாய். அப்போது அடுத்த அறையில் மெஷின் கத்தியது. நீ ஓடினாய். ஓடும்போது சொன்னது இதுதான், ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன்: "பாத்துக்கினு இருங்க தாத்தா. கொழந்த நெறம் மாறினா கூப்புடுங்க. எதையும் தொட்டுடாதீங்க."

குமிழி வந்துகொண்டே இருக்கணும் என்று நீ சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை. எதையும் தொடாதே என்று என்னிடம் சொன்னவர்கள் ஆயிரம் பேர். காரைத் தொடாதே, சீட்டைத் தொடாதே, சுவரைத் தொடாதே. அதில் உன் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டது. குமிழிதான் உங்கள் பேத்தியின் மூச்சு, அது நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தால் நான் பாட்டிலைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை உன் மேல் பழியாகச் சொல்லவில்லை. இல்லை, பழியாகத்தான் சொல்கிறேன். செத்தவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

உட்கார்ந்து பார்த்தேன். பொளபொள, பொளபொள. நாற்பது வருஷத்தில் எனக்குக் குமிழி என்றால் ஒன்றே ஒன்றுதான்: காற்று வீணாகிறது, எங்கோ ஓட்டை. குழந்தையைப் பார்த்தேன், விரல் அளவு கையும் காலும். பாட்டிலைப் பார்த்தேன், இவ்வளவு காற்று தண்ணீரில் போகிறது. மெஷின் கிடைக்காத பிள்ளைக்கு வந்த காற்றும் ஒழுகிப் போகிறதே என்று வயிறு எரிந்தது. உள்ளே கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது என்று நீதான் சொன்னாய். கொஞ்சம் நின்றால் நல்லது என்றால், இன்னும் கொஞ்சம் நின்றால் இன்னும் நல்லதுதானே. என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது.

பாட்டில் வாயில் இருந்த குழாயைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். டேப் தண்ணீருக்குள் போனது. அடி தட்டுகிற வரைக்கும் அமுக்கினேன். குமிழி குறைந்தது. ஒன்று, இரண்டு, பிறகு நின்றுவிட்டது. சத்தமே இல்லை. என் தொழிலில் அதற்கு மேல் சந்தோஷம் கிடையாது. குழந்தையின் வயிறும் நெஞ்சும் கொஞ்சம் எழும்பின மாதிரி இருந்தது. பார்த்தாயா, இப்போதுதான் காற்று சேர்கிறது என்று அதனிடம் பேசினேன். ஆமாம், பேசினேன். உன் பாட்டி உனக்கு ஒரு பேர் வைத்திருக்கிறாள் என்று சொன்னேன்.

ஒரு பட்டை ஒட்டிக் காய்கிற நேரம் இருக்கும். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. உதடு மாறியது. நான் கூப்பிட்டேனா, கத்தினேனா தெரியாது, நீ வந்துவிட்டாய். வந்ததும் நீ குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டிலைப் பார்த்தாய். ஒரு கையால் குழாயை டேப் வரைக்கும் இழுத்து நிறுத்தினாய். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டாய். ஊசி போட்டு நெஞ்சிலிருந்து காற்றை எடுத்தார்கள். ரப்பர் பையை அமுக்கினீர்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். விளக்கு வைக்கிறதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்து டாக்டர் கேட்டார், அந்த டியூபை யார் தொட்டது, டேப் நனைந்திருக்கிறது என்று. அப்போது அந்த வராண்டாவில் இருந்தது டாக்டர், நீ, நான், என் வீட்டுக்காரி, மருமகன், அவர்கள் இருவரும் கைத்தாங்கலாக அழைத்து வந்த என் மகள். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு கொழுகொழுக் குழந்தையின் படம் மாட்டியிருந்தது.

"நான்தான் சார். தண்ணி ஊத்தும்போது எறங்கியிருக்கும், கவனிக்கல" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஊரிலிருந்து டிராக்டரில் ஆட்கள் வந்தார்கள். கண்ணாடி உடைந்தது. டாக்டர் உன்னை வாசலுக்கு வரச்சொல்லி, இந்தப் பெண்ணை இந்த நிமிஷமே வேலையிலிருந்து நிறுத்துகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உன்னைக் கொடுத்துவிட்டு அவர் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். மலைக்காரப் பெண், கேட்க நாதி இல்லை. பிள்ளை பெற்று இரண்டு நாள் ஆகாத என் மகள் படி இறங்கி வந்து, மழையில் ஊறிக் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் வாரினாள். காய்ந்த மண் என்றால் காற்றில் போய்விடும். அது சேறு. உன் மார்பிலும் தோளிலும் அப்படியே ஒட்டியது. "நீ நல்லா இருக்க மாட்ட. என் வயிறு எரியற மாதிரி எரிஞ்சிதான் போவ" என்றாள். நீ துடைக்காமல் நின்றாய். அவள் மயங்கி விழாமல் அவள் முழங்கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வேலை அன்றைக்கு அவ்வளவுதான், மண் எறிகிறவளைத் தாங்கிப் பிடிப்பது.

பிறகு நான்கு வருஷம் உன்னைப் பார்க்கவில்லை. வடக்கனந்தல் ரோட்டில் இருந்த கடையை மலை அடிவாரத்துக்கு மாற்றினேன். மலைக்கு ஏறி இறங்குகிற வண்டிகள் ஜாஸ்தி என்று மற்றவர்களிடம் சொன்னேன். உன்னைப் பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது, பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது. தனி ஜில்லா என்று டவுனில் வெடி வெடித்தார்களே, அந்த வாரம் ஒரு ஷேர் ஜீப் பஞ்சராகி நின்றது. எல்லாரும் டீக்குப் போனார்கள். நீ மட்டும் கையில் பையோடு தொட்டியண்டை வந்து நின்றாய். எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் டியூபை அமுக்கித்தான் ஆக வேண்டும், அமுக்கினேன். குமிழி வந்தது. விரலால் அடைத்தேன். நின்றது.

நீ அதைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இப்பத்தான் தாத்தா தெரியுது, நீங்க ஏன் அழுத்துனீங்கன்னு. இத்தினி வருசமா யோசிச்சிக்கினே இருந்தேன்" என்றாய்.

நான் செய்தேன் என்பது உனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரியும். ஏன் செய்தேன் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் அழுதேன். அறுபத்து நாலு வயசில், கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில். அப்படி என்ன ஆகிவிட்டது, குழாய் கொஞ்சம் கீழே போனால் என்ன என்று கேட்டேன். நீ சுற்றிலும் பார்த்து, கிழிந்த பம்பின் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்தாய். அதை அலம்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையைத் தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்தாய். ஊதுங்கள் என்றாய். ஊதினேன். பொளபொளவென்று வந்தது. அப்புறம் அந்த முனையை முழங்கை வரைக்கும் கீழே இறக்கினாய். இப்போது ஊதுங்கள் என்றாய். ஊதினேன். கன்னம் உப்பியது, காது அடைத்தது, நெஞ்சு இறுகியது. ஒரு குமிழி வெளியே வர என் உசிர் போனது.

"ஆழம் ஜாஸ்தியானா அழுத்தமும் ஜாஸ்தி தாத்தா. டேப்பு அதுக்குத்தான். கொமிழி வந்தா சரியா இருக்குதுன்னு அர்த்தம்."

பஞ்சர் கடைக்காரனுக்கு அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. ஏன் காட்டினாய்? வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த இறுக்கம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. உனக்கு என்னை நோகடிக்கும் எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். நோகடிக்கும் எண்ணத்தோடு செய்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

நீ உடனே சொன்னாய், அதனால்தான் போனது என்று ஆணையிட்டுச் சொல்ல முடியாது என்று. அந்த மாதிரிப் பிஞ்சு நெஞ்சு, மெஷினில் வைத்தாலும் வெடிக்கும், பையில் அமுக்கினாலும் வெடிக்கும், பாட்டிலில் சரியான மட்டத்தில் வைத்தாலும் சிலதுக்குத் தானாகவே வெடிக்கும் என்றாய். நைனார்பாளையத்துக் குழந்தையும் மெஷினில் சுகமாக இல்லை, சளி கட்டி மூன்று வாரம் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்து பாண்டிச்சேரியில் பிழைத்தது என்றாய். எதில் வைத்திருந்தால் நம் குழந்தை பிழைத்திருக்கும் என்று கேட்டேன். நம் குழந்தை என்று நான் சொன்னதும் உன் முகம் மாறியது. "பாட்டில்லயே பொழச்சிக்கினு இருந்துச்சி தாத்தா" என்றாய். பொய் சொல்லத் தெரியாதவளிடம் கேட்டால் இப்படித்தான்.

அப்புறம் கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. நீ ஜீப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"கொமிழி நிக்கக்கூடாதுன்னு நானும் சொல்லல இல்ல. அதுவும் இல்லாம, உங்க பொண்ணு புள்ளைய வுட்டுட்டு எந்த வூட்டுக்குப் போவணும்? உங்க வூட்டுக்குத்தான. புள்ளையும் போயி, அப்பனும் இல்லன்னு ஆயிட்டா அது எங்க போவும்? எனக்கு வேல போச்சி, அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு எந்த ஆஸ்பத்திரியும் உன்னைச் சேர்க்கவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது என்று ஜீப்காரர்கள் சொல்லிக் கேட்டேன். போகும்போது ஒன்று சொன்னாய்: "சொல்லணும்னு தோணுச்சின்னா நீங்க சொல்லுங்க தாத்தா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்." சொல்லு என்று சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல் என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப்போனாய். எனக்கு உன் மேல் கோபம். உன் நல்ல மனசின் மேல் கோபம். நீ அன்றைக்கே இவன்தான் என்று விரலை நீட்டியிருந்தால், எல்லாரும் என்னைக் காறித் துப்பியிருப்பார்கள், ஒரு வருஷத்தில் ஆறியிருக்கும். துப்பாமல் விட்டதுதான் ஆறவில்லை.

நான் சொல்லவில்லை. வருஷா வருஷம் கார்த்திகை மழை பிடிக்கும்போது மகள் போன் செய்வாள். பிறகு பிறந்த பையன் பள்ளிக்கூடம் போகிறான், அவனைப் பற்றிப் பேசுவாள், சுற்றிச் சுற்றி அங்கே வந்து நிற்பாள். அந்தப் பாவி மட்டும் கவனமாக இருந்திருந்தால் என்பாள். நான் உம் என்பேன். பத்து வருஷமாக உம் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஜீப் போன பிறகு நானே போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தேன். அந்த நர்ஸ் செத்துப்போச்சாம்மா என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "நான் வாரி வுட்ட மண்ணு வுடுமாப்பா. இன்னிக்குத்தான் எனக்கு வயிறு குளுந்துச்சி."

அவள் குரலில் ஓர் ஆறுதல் இருந்தது. குழந்தை போன நாளிலிருந்து நான் கேட்காத ஆறுதல். நான் வாயைத் திறந்தேன். உம் என்றுதான் வந்தது.

உனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, உன் பேரைக் காப்பாற்ற ஆள் இல்லை. மலையில் ஐம்பது அறுபது பிள்ளைகள் உன் கையில் மூச்சு விட்டிருக்கும் என்று டிரைவர் சொன்னான், அது அவன் வாய்க்கணக்கு. கீழே என் மகளுக்கு மட்டும் நீ கொலைகாரி. அவள் வயிறு குளிர்ந்தது பொய்யில் குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அது மறுபடி எரியும், இந்தத் தடவை அப்பனைப் பார்த்து. எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. எனக்குக் கொள்ளி வைக்க இருப்பதும் அவள் பையன்தான். வருவாளோ, பையனை அனுப்புவாளோ, மாட்டாளோ. நீ அன்றைக்கு அவளுக்காகக் காப்பாற்றிக் கொடுத்த அப்பனை நான் இன்றைக்கு அவளிடமிருந்து எடுக்கப் போகிறேன். அதற்கு நீ கோபப்பட்டாலும் சரி.

ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்று தாள் எழுதிவிட்டார். கவர் வாங்கி வைத்திருக்கிறார். மேலே யார் பேர் எழுதட்டும் என்று கேட்கிறார். உனக்கு விலாசம் இல்லை. அன்றைக்கு அந்த வராண்டாவில் நின்ற ஆறு பேரில், டாக்டர் கொரோனாவில் போனார். என் வீட்டுக்காரியும் அதிலேயே போனாள். மருமகன் கரும்பு லோடு மேலிருந்து விழுந்து போனான். இப்போது நீயும் போய்விட்டாய். செய்த நான் எண்ணிக்கையில் சேர மாட்டேன். மிச்சம் என் மகள்தான். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள். மூங்கில்துறைப்பட்டு விலாசத்தைச் சொன்னேன், பிறகு பேரைச் சொன்னேன்.

பூங்கொடி.